ஐந்தாவது அட்டை

நெடுவழி மோட்டார் சைக்கிள் ஓட்டக் குழு
கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்
18.11.2024

பெறுநர்:
திரு. ஆசிர்
ஓட்டக்காரர் எண் 17 (1992ஆம் ஆண்டு ஓட்டம்)
ஓசூர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் ஊரின் நெடுவழி மோட்டார் சைக்கிள் ஓட்டம் நின்றுபோய்ப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. வருகிற தை மாதம் அதை மறுபடியும் நடத்துவது என்று பழைய ஓட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் கூடி முடிவு செய்திருக்கிறோம். ஜனவரி 25, சனிக்கிழமை மதியம் எல்லா வண்டிகளும் சங்கரன்கோவில் வந்து சேர வேண்டும்.

பாதை பழைய பாதைதான். ராமேஸ்வரம், குமுளி, வாசுதேவநல்லூர், கன்னியாகுமரி, திருவேங்கடம், பிறகு நம் ஊர். விதியும் பழைய விதிதான். யார் முந்தி வருகிறார் என்பது இங்கே கணக்கில்லை. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரை வண்டியும் ஆளும் தாங்கி வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். போன ஊர்களுக்கு அத்தாட்சியாக, ஐந்து ஊர்த் தபால் நிலையங்களிலிருந்தும் குழுவின் முகவரிக்கு ஒவ்வோர் அஞ்சலட்டை போட வேண்டும். ஐந்து முத்திரையும் வந்து சேர்ந்தவருக்கே கேடயம்.

ஒரே ஒரு மாற்றம். பழைய ஓட்டக்காரர்கள் பல ஊர்களில் சிதறிக் கிடப்பதால், வெளியூர்க்காரர் பிரிவு என்று ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறோம். அவர்கள் தாங்கள் இருக்கும் ஊரிலிருந்தே புறப்படலாம். உள்ளூர்க்காரர்கள் வழக்கம்போல் இங்கிருந்துதான்.

விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம். ஓட்டத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பும்படியும், ஓட்டத்தில் கலந்துகொள்வீர்களா என்பதைத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுகிர்தா
செயலர்

பி.கு.: இது எல்லோருக்கும் போகிற கடிதம். எல்லோருக்கும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்றுதான் போட்டிருக்கிறேன். கட்டின புருஷன் என்பதற்காக உங்களுக்கு மட்டும் வேறு மாதிரி அடிக்க முடியாது. போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. ஆகவே பதிலையும் தபாலிலேயே அனுப்பவும்.

*

ஓசூர்
27.11.2024

மதிப்பிற்குரிய செயலர் அம்மா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று நினைத்தேன். ஒரு காபி குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டுதான் பிரித்தேன். உள்ளே பார்த்தால் மோட்டார் சைக்கிள்! நாலு வருஷமாக நீ எழுதிய முதல் கடிதம் இது. அதிலும் ‘ஐயா’. பரவாயில்லை, அதையும் இரண்டு தடவை படித்தேன்.

வரலாறு கேட்டிருக்கிறாய். ஓட்டத்தை ஆரம்பித்த கதை சித்தீக் பாய் வாயால் நான் கேட்டது, அப்படியே எழுதுகிறேன். தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ராஜபாளையம் ரோட்டில் டயர் கடை. நேர் எதிரே பாயின் ஒர்க்ஷாப். அண்ணாச்சியிடம் ராஜ்தூத், பாயிடம் ஜாவா. இரண்டில் எது உழைக்கும் என்று டீக்கடையில் தினமும் தகராறு. ஒரு தை மாதம் இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய், ராமேஸ்வரமும் குமுளியும் கன்னியாகுமரியும் சுற்றிவிட்டுப் புழுதியோடு டீக்கடை முன்னால் வந்து இறங்கினார்கள். ஊரில் ஒரு ஆள் நம்பவில்லை. “கோயில்பட்டியில ரூம் போட்டுப் படுத்துக் கெடந்துட்டு வந்து ராமேஸ்வரம்னு சொல்லுதீரு அண்ணாச்சி” என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே சொல்லிவிட்டார்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. “சரி வே. அடுத்த வருசம் ஊருக்கு ஊரு ஒரு கார்டு போடுதேன். எம் பேச்ச நம்ப வேண்டாம், சர்க்கார் முத்திரைய நம்புவீரா மாட்டீரா?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த வருஷம் ஒன்பது பேர் கிளம்பினார்கள். இப்படித்தான் ஓட்டத்துக்கு அட்டை வந்தது. வண்டி வந்து சேர்ந்து நாலைந்து நாள் கழித்துத்தான் வெற்றி வந்து சேரும். அதுவரை ஊர் முழுக்கத் தபால்காரர் பின்னாலேயே அலையும்.

சாப்பாட்டு வழக்கம் வந்தது கதீஜம்மாளால். பாய் வீட்டம்மா பிரியாணி ஆக்கி வைத்திருந்தார்கள். எட்டுப் பேர் வந்தாயிற்று, அண்ணாச்சியை மட்டும் காணோம். பாய் பசி தாங்காமல் இலையை விரித்திருக்கிறார். அந்த அம்மா கரண்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “சேந்துதானே போனீக? அவுகளும் வரட்டும், அப்புறம் இலையப் போடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கடைசி வண்டி வந்து சேரும்வரை ஒருத்தருக்கும் சோறு கிடையாது. செண்பகவல்லி அக்காவை மறந்துவிடாதே. பூக்கடையில் ஏலம் முடித்துவிட்டுத் தாமதமாகக் கிளம்பி, டி.வி.எஸ். 50-ல் ஆயிரம் கிலோமீட்டரையும் ஓட்டி, மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். ஊரே டீயும் பன்னும் தின்று காத்திருந்து, காலையில் பல் விளக்கிவிட்டு பிரியாணி சாப்பிட்டது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

இவ்வளவும் போட்டுக்கொள். ஒரு வேண்டுகோள். 1992-ஐ மட்டும் விட்டுவிடு. நான் ஊரில் இருந்த காலமெல்லாம் என் வயதுக்காரர்கள், “ஆசிரு, ஒரு கார்டு போடேன்” என்று கேட்டுச் சிரித்தது போதும். அதை அச்சிலும் ஏற்ற வேண்டாம்.

ஓட்டத்துக்கு நான் வரவில்லை. வலது மணிக்கட்டு மழை வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதோடு வேலை வேறு. ஜனவரியோடு எனக்கு ஓய்வு. இன்னும் இரண்டு வருஷம் இருந்து பையன்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கம்பெனியில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஷீஜா பேசினாள். அம்மாவுக்குக் கால்வலி என்றாள். பள்ளிக்கூடத்து மாடிப்படியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஐயா

*

சங்கரன்கோவில்
5.12.2024

அன்புள்ள அத்தான்,

உங்களை ‘ஐயா’ என்று இன்னொரு தடவை எழுத எனக்குப் பொறுமை இல்லை. கால்வலி பரவாயில்லை. தலைமையாசிரியை கீழேயே உட்கார்ந்திருந்தால் மாடியில் ஒரு வகுப்பும் நடக்காது.

உங்கள் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். சித்தீக் பாய் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கதீஜம்மாள் மட்டும், “நான் கரண்டிய ஒளிச்சு வைக்கல, ஓங்கினேன்னு எழுதச் சொல்லுங்க” என்று திருத்தம் கொடுத்தார்கள். திருத்திவிட்டேன்.

1992-ஐ விடச் சொல்கிறீர்களே, அதை விட்டுவிட்டு இந்த ஓட்டத்துக்கு வரலாறு ஏது? நான் எழுதி முடித்துவிட்டேன். உங்களுக்கு ஒருமுறை சொல்லுகிறேன், எது தப்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்போது அப்பா செயலர். எங்கள் வீட்டு முன்னறைதான் குழுவின் அலுவலகம். நான் காலேஜ் லீவில் வந்து, அட்டைகளில் ஓட்டக்காரர் எண்ணை முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இளையரசனேந்தலிலிருந்து யெஸ்டியில் வந்த ஒருவர், தன் ஐந்து அட்டையை வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றார். எந்த முகவரிக்குப் போட வேண்டும் என்று கேட்டார். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் கேட்டார். நான் பேச்சுக்கு, “கமிட்டி பேருக்கு வாரதெல்லாம் அப்பா மேசையில குமிஞ்சு கெடக்கும். எம் பேருக்கு வந்தா உடனே கையில கெடைக்கும்” என்றேன். எங்கள் வீட்டுத் தபாலைப் பற்றி ஒரு பெருமைக்காகச் சொன்னது. வேறொன்றுமில்லை.

மறு வாரம் ஐந்து ஊரிலிருந்தும் ‘செல்வி சுகிர்தா’ என்று ஐந்து அட்டை. ஊர் அதைக் காதல் கடிதம் என்கிறது. வாசித்துப் பார்த்தால் ஒர்க்ஷாப் பில் மாதிரி இருக்கும். ராமேஸ்வரத்தில் செயின் தளர்ந்தது. குமுளியில் பிளக் மாற்றியது. வாசுதேவநல்லூரில், ‘இங்கிருந்து உங்கள் வீடு பக்கம்தான், ஆனாலும் போகக் கூடாதாம்’. கன்னியாகுமரியில், ‘சூரியன் நன்றாக இருந்தது, தனியாகப் பார்த்தேன்’. திருவேங்கடத்தில் ஒரே வார்த்தை, ‘பசிக்கிறது’.

அப்பா ஐந்தையும் வாசித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டனுப்பினார். “கார்டு அஞ்சும் வந்துட்டு வே. ஆனா கமிட்டிக்கு ஒண்ணுகூட வரல. செயலரா உம்ம பேர அடிச்சாச்சு.” நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, உங்க அப்பா எப்ப வாராக?” என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் அடுக்களைக்கு ஓடிவிட்டேன். சந்தோஷத்தில்தான். இதில் எதை நான் அடிக்க வேண்டும்?

சிரிப்பு முடிந்தது. இனி வேறு ஒன்று. நீங்கள் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது நான் தடுக்கவில்லை. ‘நீயும் வா’ என்றீர்கள், ‘என் பள்ளிக்கூடத்தை விட்டு வர மாட்டேன், லீவுக்கு நீங்கள் வாருங்கள்’ என்றேன். இது எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு. ஆனால் போய் ஆறே மாதத்தில் ஒரு லாரியை அனுப்பி யெஸ்டியை ஏற்றிக்கொண்டீர்களே, அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. சட்டை துணிமணியை எடுத்துப் போனால் ஆள் திரும்பி வரும். வண்டியையே கூப்பிட்டுக்கொண்ட ஆள் திரும்பி வரமாட்டார் என்று தோன்றிவிட்டது.

வண்டி நின்ற இடத்தில் நான் இன்னும் எதையும் வைக்கவில்லை. வாஷிங் மெஷின் அடுக்களையில் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன். ஓட்டம் முடிந்த மறுநாள் அதை நகர்த்தி அந்த இடத்தில் போடலாம் என்றிருக்கிறேன். பிளம்பரிடம் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சுகிர்தா

*

ஓசூர்
16.12.2024

அன்புள்ள சுகி,

கடிதம் வந்த அன்று பயிற்சி வகுப்பில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, திருப்பி மாட்டத் தெரியாமல் நின்றேன். இருபது பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நீதான் பொறுப்பு.

முதலில் வழக்கைத் தீர்ப்போம். நீ பேச்சுக்குச் சொன்னதாக முப்பது வருஷமாகச் சாதிக்கிறாய். சரி, பேச்சுக்குச் சொன்னவள், “கையில கெடைக்கும்” என்று சொல்லும்போது கையை நீட்டிக் காட்டுவானேன்? இங்க் கறை படிந்த உள்ளங்கை. அதைப் பார்த்தபின் எனக்குச் சுவரில் இருந்த எழுத்து தெரியவில்லை. இதையும் மலரில் போட்டுக்கொள். அச்சில் ஏற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை, உன் கை படத்தோடு போடுவதானால்.

கேடயம் போனதைப் பற்றி ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை. ஊர் சிரிக்கும்போது கோபப்படுவேன், வீட்டுக்குள் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிடும். உனக்கு இது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

லாரி விஷயம். நீ அதை அப்படி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே ஒற்றை அறை. சாயங்காலம் வந்தால் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெலுங்கு, மாடி வீட்டுக்காரருக்குக் கன்னடம், எனக்கு இரண்டும் அரைகுறை. அந்த வண்டி வந்து நின்றால் ஊரிலிருந்து ஒரு ஆள் வந்த மாதிரி இருக்கும் என்றுதான் வரவழைத்தேன். வந்த பிறகு ஒருநாளும் ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்து துடைப்பேன், அவ்வளவுதான். பின் சீட்டில் நீ இல்லாமல் அதை எங்கே ஓட்டிக்கொண்டு போவது?

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ முதலில் வர வேண்டும் என்று நான் இருந்தேன், நான் முதலில் வர வேண்டும் என்று நீ இருந்தாய். முதல் வருஷம் அது ரோஷம். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இப்போது பயமாக இருக்கிறது சுகி. வந்து நின்றால், ‘உட்காருங்க, காபி குடிக்கீகளா’ என்று வந்தவரை உபசரிக்கிற மாதிரி கேட்டுவிடுவாயோ என்று பயம். சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார என்னால் முடியாது.

கம்பெனிக் காகிதம் மேஜையில் கிடக்கிறது. வருகிற மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குச் சும்மா கிக்கரை மிதித்துப் பார்த்தேன். வண்டி இருமியது, புகை விட்டது, நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள் போய்விட்டது, செயின் துருப்பிடித்திருக்கிறது. சித்தீக் பாய் மருமகன் யெஸ்டி சாமான் எங்கே வாங்குகிறார் என்று கேட்டு எழுது. வருவேன் என்று சொல்லவில்லை. சாமான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
ஆசிர்

*

சங்கரன்கோவில்
2.1.2025

அன்புள்ள அத்தான்,

புத்தாண்டு வாழ்த்துகள். சித்தீக் பாயே தன் அலமாரியைக் குடைந்து கிளட்ச் கேபிளும் செயினும் எடுத்துக் கொடுத்தார். தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். “பெட்ரோல் பங்குல இப்பம் ஆயில் கலந்து தரமாட்டான். பாட்டில்ல ஆயில் கொண்டுபோகச் சொல்லு, வாசுதேவநல்லூர்ல நின்னுகிட்டு எனக்குப் போன் போடக் கூடாது” என்று சொல்லச் சொன்னார். அவராகவே நீங்கள் வருவதாக முடிவு கட்டிவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு ஷீஜாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நீங்கள் வந்தாலும் வருவீர்கள் என்று முறுக்கு கொஞ்சம் கூடுதலாகவே சுட்டேன். நீங்கள் வரவில்லை. அதை இப்போது வைத்துக்கொண்டு சண்டை போடவில்லை, முறுக்கும் தீர்ந்துவிட்டது.

இந்த உறையில் ஐந்து அட்டை இருக்கிறது. 17 என்று நானே முத்திரை குத்தியிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளங்கையைக் காட்டவில்லை, கவனிக்கவும். முகவரி: செயலர், நெடுவழி மோட்டார் சைக்கிள் ஓட்டக் குழு, கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில். செயலருக்கு. எனக்கு அல்ல. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். விதி என்றால் விதி, அப்பாவைப் போலவே அடித்துவிடுவேன்.

காபி பற்றிப் பயப்படுகிறீர்களே, நான் உங்களிடம் ‘குடிக்கீகளா’ என்று என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? ‘பால் பொங்குது, போய் இறக்குங்க’ என்றுதானே சொல்லியிருக்கிறேன். இனியும் அதைத்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் அத்தான். நீங்கள் வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. விழாவுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட ஓசூர் திரும்புவதானால் வராதீர்கள். அட்டையும் போடாதீர்கள். நான் வாஷிங் மெஷினை நகர்த்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மறுபடி எழுத மாட்டேன்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குமுளியில் தை மாதக் குளிர் எலும்புக்குள் போகும்.

அன்புடன்,
சுகிர்தா

*

ராமேஸ்வரம், 22.1.2025
பெறுநர்: செயலர், ஓட்டக் குழு, சங்கரன்கோவில்

எண் 17. நேற்று ஓசூரிலிருந்து புறப்பட்டுத் திருச்சியில் தங்கி, இங்கு வந்து சேர்ந்தேன். வண்டி நலம். பாலத்தில் காற்று ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளுகிறது. தபால் நிலையத்தில் இருந்த பெண், ‘இந்தக் காலத்தில் அட்டையா’ என்று கேட்டுவிட்டு, முத்திரையைத் தெளிவாக, அழுத்திக் குத்தினார்.

*

குமுளி, 23.1.2025
பெறுநர்: செயலர், ஓட்டக் குழு, சங்கரன்கோவில்

எண் 17. மலை ஏற்றத்தில் பிளக் அடைத்துக்கொண்டது. மாற்றினேன். ஸ்வெட்டர் உண்டு என்று செயலருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அது செயலர் பின்னியது, முழங்கையில் ஓட்டை. பழைய ஓட்டக்காரர் ஜெயசிங்கை இங்கே பார்த்தேன். அவருக்கும் வயிறு போட்டுவிட்டது. இருவரும் சேர்ந்து டீ குடித்தோம்.

*

வாசுதேவநல்லூர், 24.1.2025
பெறுநர்: செயலர், ஓட்டக் குழு, சங்கரன்கோவில்

எண் 17. வீட்டுக்குத் திரும்புகிற ரோட்டைப் பார்த்ததும் வண்டி தானாக இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் அரை மணி நேரம் ஓட்டினால் வீடு. அன்றைக்கும் இதே இடத்தில்தான் இப்படி நின்றேன். போகக் கூடாது, கன்னியாகுமரி பாக்கி இருக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது. சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம்.

*

கன்னியாகுமரி, 24.1.2025
பெறுநர்: செயலர், ஓட்டக் குழு, சங்கரன்கோவில்

எண் 17. தபால் நிலையம் மூடும் முன்பே வந்துவிட்டேன். கிளட்ச் கேபிளுக்காகச் சித்தீக் பாய்க்கு நன்றி. சூரியன் இறங்குகிறது. பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். இந்தத் தடவை தனியாகப் பார்ப்பதாக இல்லை.

*

திருவேங்கடம், 25.1.2025
பெறுநர்: திருமதி சுகிர்தா, கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்

சுகி,

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அறையைக் காலி செய்துவிட்டேன். போகும்போது வண்டி லாரியில் போனது. இப்போது சாமான் லாரியில் வருகிறது, வண்டியில் நான் வருகிறேன்.

விதி தெரியும். நாலு அட்டை ஒழுங்காகப் போட்டேன். ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் உன் பேரைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை. கேடயத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

பசிக்கிறது.

ஆசிர்

*

நெடுவழி மோட்டார் சைக்கிள் ஓட்டக் குழு
கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்
30.1.2025

பெறுநர்:
திரு. ஆசிர்
ஓட்டக்காரர் எண் 17 (வெளியூர்க்காரர் பிரிவு)
கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் 25ஆம் தேதி பிற்பகலில், எல்லோருக்கும் கடைசியாக, ஊரெல்லாம் புகையாக்கிக்கொண்டு வந்து சேர்ந்ததைக் குழு பதிவு செய்துகொண்டது. திருவேங்கடத்திலிருந்து இங்கு வர அத்தனை நேரம் ஆகாது. வழியில் எங்கோ நின்று தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது தங்களைப் பார்த்ததும் தெரிந்தது. அதுவரை பிரியாணி அண்டாவைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தங்களை ஏசியதையும், கதீஜம்மாள் கரண்டியை ஓங்கியபடி ஒருத்தரையும் பக்கத்தில் விடாததையும், சித்தீக் பாய், “ஏலே ஆசிரு, செண்பகவல்லி டி.வி.எஸ். 50-ல வந்தா, அவளே உன்னவிடத் தேவல” என்று தெரு முனை வரை போய்க் கத்தியதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அதன் பிறகு தாங்கள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதும் பதிவாகியிருக்கிறது.

தங்கள் அட்டைகளில் ராமேஸ்வரம், குமுளி, வாசுதேவநல்லூர், கன்னியாகுமரி ஆகிய நான்கும் சரியான முகவரியில், தெளிவான முத்திரையோடு வந்து சேர்ந்தன. திருவேங்கடத்து அட்டை குழுவுக்கு வரவில்லை. விசாரித்ததில், அது நேற்று செயலரின் சொந்தப் பெயருக்கு வந்திருப்பது தெரிகிறது. இந்த நாலைந்து நாளாகத் தபால்காரர் வரும் நேரமெல்லாம் தாங்கள் முன்வாசலில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல் உட்கார்ந்திருந்ததற்கும் இப்போதுதான் காரணம் புரிகிறது.

அந்த அட்டையைப் பார்வைக்கு வைக்கும்படி குழு கேட்டது. செயலர் தர மறுத்துவிட்டார். சொந்தக் கடிதம் என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வாசித்திருக்கிறார் என்றும், கண் சிவந்திருந்தது என்றும், கேட்டால் வெங்காயம் என்றார் என்றும் தங்கள் மகள் ஷீஜா போனில் சாட்சி சொல்கிறார். அவருக்குச் சொன்னது யார் என்பது தங்களுக்குத் தெரியும்.

ஆகவே, ஓர் அட்டை குறைவதால், 1992-ல் இதே முன்னறையில் அன்றைய செயலர் சத்தியநாதன் அவர்கள் சொன்ன தீர்ப்பையே இன்றைய செயலரும் சொல்கிறார். ஓட்டக்காரர் எண் 17-க்குக் கேடயம் இல்லை. மேல்முறையீடு செய்ய விரும்பினால் இந்த அறையிலிருந்து அடுக்களைக்கு வரவும். வந்ததும் முதலில் பாலை இறக்கவும். வாஷிங் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கும். பிளம்பரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

அடுத்த தை மாத ஓட்டத்தில் தாங்கள் இதே எண்ணில் மறுபடியும் கலந்துகொள்ளலாம். பின் சீட்டுக்கு ஆள் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர் பிரிவில் தங்களை இனிச் சேர்த்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
சுகிர்தா
செயலர்